கல்யாணத்தை நிறுத்தினோம், பெண் பள்ளிக்கு வரவில்லை. இனி என்ன செய்வது?

கரும்பலகை:

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். இந்தத் தளத்தைப் பல வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் வகுப்பில் ஒரு பெண். பதினாறு முடிந்து நான்கு மாதம். படம் நன்றாக வரைவாள். தவளையின் இதயத்தை அவள் வரைந்த பக்கத்தைத்தான் மற்ற பிள்ளைகளுக்குக் காட்டுவேன். காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து ஆளே சரியில்லை. பக்கத்தில் உட்காரும் பெண் ஒருநாள் இடைவேளையில் வந்து, "மிஸ், அவளுக்கு வர்ற புதன்கிழமை கல்யாணம். மாமா பையன். பரிசம் போட்டாச்சு" என்றாள். புரட்டாசி முடியட்டும் என்று காத்திருந்து ஐப்பசியின் முதல் முகூர்த்தத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்தேன். செவ்வாய்க்கிழமை மாலை அதிகாரிகள் போலீசோடு போனார்கள். பந்தல் போட்டு, வாழைமரம்கூடக் கட்டியாகிவிட்டது. "18 வயது முடியும்வரை திருமணம் செய்து வைக்க மாட்டோம்" என்று பெற்றோரிடம் எழுதி வாங்கினார்கள். அவ்வளவுதான். எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

இன்றோடு மூன்று வாரம். பெண் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன், பாட்டி மட்டும்தான் இருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. "பெங்களூருக்கு அப்பன் ஆத்தாகூடப் போயிட்டா. நீங்க நல்லதுன்னுதான் செஞ்சிருப்பீங்க டீச்சர். நாலு பேர் பார்க்கப் பந்தலப் பிரிச்சோம். இனி அவள யார் கட்டுவா?"

நான் செய்தது சரியா தப்பா என்று கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன். இப்போது அது முக்கியமாகப் படவில்லை. அந்தப் பெண்ணை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?


நெறியாளர்:

ஒரு சின்ன வேண்டுகோள். ஊர், பள்ளி, சாதி, பெண்ணை அடையாளம் காட்டும் எதையும் யாரும் கேட்கவும் வேண்டாம், ஊகித்து எழுதவும் வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. தவளைப் படம்வரை சரி, அதற்கு மேல் விவரம் வேண்டாம்.


நடுப்பக்கம்:

சரியாகத்தான் செய்தீர்கள். ஆனால் இதெல்லாம் வறுமையால் வருவது. வயிறு காயும் வீட்டில் சட்டம் பேசி என்ன பயன்? வறுமை ஒழிந்தால் குழந்தைத் திருமணம் தானாக ஒழியும். இன்னொன்று, பெண்ணின் திருமண வயதை 21 ஆக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.


பழைய பேருந்து:

நடுப்பக்கம், உங்களுக்குப் பெண் பிள்ளை இருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு இரண்டு. நான் ஏழை இல்லை, சொந்தமாக நாலு ஏக்கர் இருக்கிறது. கல்யாணமும் பண்ணவில்லை, இரண்டு பேரும் படிக்கிறார்கள். ஆனால் அந்தத் தகப்பனின் மனசு எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பத்தாவது வரைதான். மேல்நிலைக்கு ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டும். சாயங்காலம் ஒரே பஸ். அது வராத நாளில் பிள்ளை எட்டு மணிக்கு வீடு வந்து சேரும். அந்த இரண்டு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன பேசுவார்கள் தெரியுமா? "ரோட்டோரம் எவன்கூடவோ பேசிக்கிட்டு நின்னா." ஒரே வார்த்தை. அடுத்த வாரம் தாய்மாமன் வந்து உட்கார்ந்து, "பேர் கெடுறதுக்குள்ள முடிச்சிடலாம் மாமா" என்பான். இங்கே வறுமையைவிடப் பயம்தான் கல்யாணம் பண்ணி வைக்கிறது. பிள்ளை வேற சாதிப் பையனோடு போய்விடுமோ என்ற பயம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். "காலம் கெட்டுக் கிடக்கு" என்போம்.

அதிலும் பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், பெண்ணைக் கிழவியிடம் விட்டு வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பயம் இரட்டிப்பு. எங்கள் பக்கம் பாதி வீடு அப்படித்தான்.


மூன்றாம் மணி:

பயம் பயம் என்கிறீர்களே ஐயா, அந்தத் திண்ணையில் நீங்களும் உட்கார்ந்ததில்லையா? பஸ் வராவிட்டால் பஸ்ஸைத்தானே கேட்க வேண்டும், பெண்ணை ஏன் நிறுத்த வேண்டும்?


பழைய பேருந்து:

உட்கார்ந்திருக்கிறேன் தம்பி. அதனால்தான் தெரியும் என்றேன்.


வக்கீல் அத்தை:

கரும்பலகை டீச்சர், மற்றவர்கள் காரணம் பேசிக்கொண்டிருக்கட்டும். நான் உங்கள் கேள்விக்கு வருகிறேன். இருபது வருடமாகக் குடும்ப வழக்குகள் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எழுதி வாங்கிய அந்தக் காகிதம் பல் பிடுங்கிய பாம்பு. அதை மீறினால் அதற்கென்று தனியாக ஒரு தண்டனையும் இல்லை. பல்லுள்ளது வேறொன்று இருக்கிறது. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் தடை உத்தரவு வாங்கலாம். தடுப்பு அதிகாரி கேட்கலாம், விவரம் தெரிந்த யாரும் புகார் கொடுக்கலாம், மாஜிஸ்திரேட் தானாகவும் எடுக்கலாம். தமிழ்நாட்டில் தடுப்பு அதிகாரி என்றால் மாவட்டச் சமூக நல அலுவலர்.

உத்தரவு வாங்குவதால் என்ன லாபம்? பலருக்கும், சில வக்கீல்களுக்கும்கூட, தெரியாத இடம் இதுதான். குழந்தைத் திருமணம் நம் சட்டப்படி தானாகச் செல்லாததாகிவிடாது. கடத்தி வந்தது, விற்றது போன்ற சில சூழ்நிலைகளில் மட்டும்தான் அப்படி. மற்றபடி, அந்தக் குழந்தையே நீதிமன்றம் போய் "எனக்கு இது வேண்டாம்" என்றால்தான் ரத்து. அதற்கும் 18 முடிந்து இரண்டு வருடம்வரைதான் நேரம், அதாவது பெண்ணுக்கு 20 வயதுவரை. ஆனால் 13ஆம் பிரிவுத் தடை உத்தரவு கையில் இருக்கும்போது, அதை மீறி நள்ளிரவில் கோயிலில் வைத்துத் தாலி கட்டினாலும் 14ஆம் பிரிவுப்படி அது தொடக்கத்திலிருந்தே கல்யாணமே இல்லை.

பந்தல் பிரித்த அன்றே இதை வாங்கியிருக்க வேண்டும். பல இடங்களில் வாங்குவதில்லை, காகிதத்தோடு போய்விடுகிறார்கள். இப்போதும் நேரம் போய்விடவில்லை. சமூக நல அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். "மாணவி மூன்று வாரமாக வரவில்லை, ஊரில் இல்லை, திருமணம் வேறிடத்தில் நடக்கலாம் என்று அஞ்சுகிறேன்" என்று எழுதி, வருகைப் பதிவேட்டின் நகலை இணையுங்கள். ஒரு பிரதி குழந்தைகள் நலக் குழுவுக்கு. தேதி போட்ட முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.

தண்டனையைப் பற்றி ஒரு வரி. நடத்தி வைப்பவர், பெற்றோர், தெரிந்தே போய்க் கலந்துகொண்டவர்வரை இரண்டு ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. பெண்களுக்குச் சிறை கிடையாது, அபராதம் மட்டும். அதனால் "அம்மாவ ஜெயில்ல போட்டுருவாங்க" என்று பெண்ணை யாராவது மிரட்டியிருந்தால் அது பொய் என்று அவளுக்குச் சொல்லுங்கள். பெரும்பாலான பெண்கள் வாய் திறக்காததற்கு அந்த ஒரு பயம்தான் காரணம்.

நடுப்பக்கத்துக்கு: வயதை 21 ஆக்கும் மசோதா 2021 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது, நிலைக்குழுவுக்குப் போனது, 2024இல் மக்களவை கலைந்ததும் காலாவதியாகிவிட்டது. வந்திருந்தாலும், 18ஐயே காப்பாற்ற முடியாத இடத்தில் 21ஐ வைத்து என்ன செய்வது? பத்தொன்பது வயதில் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட பெண்ணை அப்பா வீட்டுக்கு இழுத்து வர இன்னொரு கயிறு கிடைத்திருக்கும்.


ஏட்டுச்சுரைக்காய்:

நான் வரலாறு படித்தவன், கறிக்கு உதவ மாட்டேன். இருந்தாலும் "பெண்ணுக்கு வாய் இல்லை" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ருக்மாபாய். பம்பாய்ப் பெண். 11 வயதில் கட்டிவைத்தார்கள். வளர்ந்ததும் கணவன் வீட்டுக்குப் போக மறுத்தார். 1884இல் கணவர் வழக்குப் போட்டார். 1887இல் நீதிமன்றம், "கணவரோடு போய் வாழ், இல்லையென்றால் ஆறு மாதம் சிறை" என்றது. சிறைக்கே போகிறேன் என்றார். கடைசியில் கணவருக்குப் பணம் கொடுத்து வழக்கு முடிந்தது. லண்டன் போய் மருத்துவம் படித்துவிட்டு வந்து, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் மருத்துவராக இருந்தார்.

பெண்ணுக்குத் திருமண வயது 14 என்று சாரதா சட்டம் வந்தது 1929இல். நம் ஊர் முத்துலட்சுமி ரெட்டி அதற்காகச் சென்னையில் வாதாடியவர். 18 ஆனது 1978இல்தான். ஐம்பது வருடத்தில் நான்கு வயது ஏற்றியிருக்கிறோம்.


நடுப்பக்கம்:

சரி, 21ஐ விட்டுவிடுகிறேன். ஆனால் வட இந்தியாவோடு ஒப்பிட்டால் தமிழ்நாடு எவ்வளவோ மேல். இங்கே இதெல்லாம் ஏதோ ஒன்றிரண்டு மலைக்கிராமத்தில் நடப்பது.


மூன்றாம் மணி:

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18க்கு முன்னால் கல்யாணமானவர்கள் நாடு முழுக்க 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8. மேல்தான். ஆனால் எட்டில் ஒரு பெண் என்பது ஒன்றிரண்டு கிராமமா? அதே ஆய்வில் கணவனின் வன்முறைக்கு ஆளான பெண்கள் நாடு முழுக்கச் சுமார் 29, தமிழ்நாட்டில் சுமார் 38. அங்கே நாம் "மேல்" இல்லை. படிக்க வைத்தோம், பஸ் விட்டோம். வீட்டுக்குள் கை ஓங்குவதைத் தொடவே இல்லை.


நர்ஸம்மா:

நான் கிராமச் சுகாதாரச் செவிலியர். இரவுப் பணி முடிந்து வந்து முழு இழையையும் படித்தேன்.

நீங்கள் எல்லோரும் கல்யாணத்தோடு நிற்கிறீர்கள். அதற்குப் பிறகு எங்களிடம்தான் வருகிறார்கள். எப்படி வருவார்கள் தெரியுமா? மாமியார் முன்னால், பெண் பின்னால். ஆதார் கேட்டால் "வீட்ல இருக்கு". வயது கேட்டால் மாமியார்தான் சொல்வார், "பத்தொம்பது". கீழிமையை இழுத்துப் பார்ப்பேன், வெளுத்துக் கிடக்கும். ரத்தம் எடுத்தால் ஹீமோகுளோபின் ஏழு. எடை முப்பத்தெட்டு கிலோ. வயிற்றில் ஐந்து மாதம்.

18க்குக் கீழே என்று தெரிந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் எங்கள் மேல் வழக்கு. 2017இல் உச்ச நீதிமன்றம், மனைவியாகவே இருந்தாலும் 18க்குக் கீழே என்றால் அது வன்புணர்வுதான் என்று சொல்லிவிட்டது. சரியான தீர்ப்பு, குறை சொல்லவில்லை. ஆனால் களத்தில் நடப்பதைச் சொல்கிறேன். "நர்ஸம்மா போலீசுல சொல்லிடும்" என்று தெரிந்ததும் அவர்கள் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். நான்காம் மாதத்தில் தொடங்க வேண்டிய இரும்புச் சத்து மாத்திரை ஏழாம் மாதம்தான் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கிறது. அதுவும் வலி வந்து தூக்கிக்கொண்டு ஓடி வந்த இடத்தில்.

போன வருடம் ஒரு பெண். பதினேழு. புருஷனுக்கு இருபத்துமூன்று. தகவல் சொன்னேன், அவனைக் கைது செய்தார்கள். கல்யாணம் பேசி முடித்த பெரியவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெண் கைக்குழந்தையோடு அம்மா வீட்டில். தடுப்பூசி போட வரும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள், குழந்தையை மட்டும் நீட்டுவாள். நான் சட்டப்படிதான் செய்தேன். இன்றைக்கு வந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அந்தப் பிள்ளை அடுத்த மாதம் எதைச் சாப்பிடும் என்று என்னிடம் ஒரு படிவமும் கேட்கவில்லை.

டீச்சர், நீங்கள் கல்யாணத்துக்கு முன்னால் கூப்பிட்டீர்கள். அதன் அருமை எங்களுக்குத்தான் தெரியும்.


மூன்றாம் மணி:

2023 பிப்ரவரியில் அசாமில் நடந்தது நினைவுக்கு வருகிறது. பழைய கல்யாணங்களையெல்லாம் தோண்டி மூவாயிரம் பேருக்கு மேல் கைது. காவல் நிலைய வாசலில் கைக்குழந்தையோடு அழுதுகொண்டு நின்றவர்கள் எல்லாம் மனைவிகள்தான். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும், தண்டனையை மட்டும் நம்பாமல் முன்கூட்டியே தடுப்பதில் கவனம் வையுங்கள் என்றுதான் சொன்னது.


தறிநூல்:

இங்கே எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எனக்குப் பதினாறில் கல்யாணம். இப்போது 38. திருப்பூரில் ஒரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். என் டீச்சர் யாருக்கும் போன் பண்ணவில்லை. என் கல்யாணத்துக்கு வந்து எவர்சில்வர் குடம் கொடுத்தார். மொய் நோட்டில் அவர் பெயர் இருக்கிறது. குடம் இன்னும் சமையலறையில் இருக்கிறது, தினமும் அதில்தான் தண்ணீர் பிடிக்கிறேன். அவர் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய்.

என் தங்கைக்குக் கல்யாணம் பண்ணவில்லை, மில்லுக்கு அனுப்பினார்கள். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாகப் பணம், அதை வைத்துக் கல்யாணம். சுமங்கலித் திட்டம் என்று பேர் வேறு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனில் பேசலாம், அதுவும் வார்டன் பக்கத்தில் நிற்கும்போது. இரண்டரை வருடத்தில் உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்தாள். பாதியில் வந்ததால் மொத்தப் பணம் கிடையாது என்றுவிட்டார்கள்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், டீச்சர், கல்யாணம் நின்றதும் பெண் பெங்களூருக்குப் போய்விட்டாள் என்கிறீர்கள். அங்கே சும்மா இருக்க மாட்டாள். செங்கல் எடுத்துக் கொடுப்பாள், இல்லை யார் வீட்டிலாவது பாத்திரம் கழுவுவாள். நாலு காசு வர ஆரம்பித்துவிட்டால் பிறகு பள்ளிக்கூடம் என்ற பேச்சே வராது. சீக்கிரம் கூப்பிடுங்கள். அவள் அம்மாவிடம் பேசுங்கள், அப்பாவிடம் அல்ல. அம்மாவுக்கும் பதினாறில்தான் ஆகியிருக்கும்.


பழைய பேருந்து:

தறிநூல் அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. இன்னொன்றும் சேர்க்கிறேன். அந்தக் குடும்பம் கல்யாணத்துக்குச் செலவு செய்திருக்கும். பத்திரிகை, பந்தல், பரிசத்துக்கு வாங்கியது. மாப்பிள்ளை வீடு இப்போது கணக்குக் கேட்கும். அந்தக் கடன் இருக்கும்வரை கல்யாணம் ரத்தாகவில்லை, தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.


வக்கீல் அத்தை:

பணப் பேச்சு வந்ததால் ஒன்று. முன்பு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் இருந்தது, 1989இல் வந்தது. பின்னாளில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. படிப்பும் 18 வயதும் நிபந்தனை என்பதால் அதனாலும் நல்லது நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் பணம் கைக்கு வருவது கல்யாணத்தை ஒட்டி. 2022இல் அதைப் புதுமைப் பெண் திட்டமாக மாற்றினார்கள். ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே. அந்த அம்மாவிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் "இன்னும் ஒண்ணே முக்கால் வருஷம்" என்று கையில் எண்ணிக் காட்ட ஒரு கணக்குக் கிடைக்கும்.


கரும்பலகை:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை சமூக நல அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்தேன். முதலில் "அதான் எழுதி வாங்கியாச்சே மேடம்" என்றார் அங்கிருந்தவர். 13ஆம் பிரிவு என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். தடை உத்தரவுக்கு மனுப் போடுகிறார்கள். முத்திரை போட்ட நகல் என்னிடம் இருக்கிறது அத்தை.

என்னிடம் வந்து சொன்னாளே, அந்தப் பக்கத்து இருக்கைப் பெண், அவளிடம் இவள் அம்மாவின் எண் இருந்தது. மூன்று நாள் எடுக்கவில்லை. நான்காம் நாள் இரவு எடுத்தார். பின்னால் கான்கிரீட் மிஷின் சத்தம். அரை மணி நேரம் பேசினோம், அதில் இருபது நிமிடம் அவர் என்னைத் திட்டினார். திட்டி முடித்ததும், "அவ அப்பாதான் ஒத்துக்க மாட்டாரு. எனக்கு மட்டும் இஷ்டமா என்ன?" என்றார். தறிநூல் அக்கா, கேட்டேன். அவருக்குப் பதினைந்தில்.

அப்புறம் அவள் பேசினாள். அழவில்லை, நான்தான். "மிஸ், என் ரெக்கார்டு நோட்டு உங்ககிட்ட இருக்கா? எலும்பு மண்டலம் பாதியில நிக்குது" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டில் நாற்பத்தைந்தாயிரம் கேட்கிறார்களாம். பழைய பேருந்து ஐயா சொன்னபடியே. அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அரசு மாணவியர் விடுதியில் இடம் இருக்கிறது, பெற்றோர் கையெழுத்து வேண்டும்.


வக்கீல் அத்தை:

நாற்பத்தைந்தாயிரத்தை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். சட்டவிரோதக் கல்யாணத்துக்குச் செலவு செய்தேன் என்று எவனும் கையெழுத்துப் போட்டுக் கேட்க மாட்டான்.


பழைய பேருந்து:

அத்தை, கோர்ட்டில் கேட்க மாட்டான். ஊரில் கேட்பான். அந்த அப்பாவை நான் பார்க்க வேண்டுமென்றால் சொல்லுங்கள் டீச்சர். ஆம்பிளைக்கு ஆம்பிளை பேசினால் சில விஷயம் நடக்கும், பிடிக்கிறதோ இல்லையோ.


மூன்றாம் மணி:

பிடிக்கவில்லை. ஆனால் போய்ப் பேசுங்கள் ஐயா.


கரும்பலகை:

நெறியாளர் அனுமதித்தால் ஐயாவுக்குத் தனிச் செய்தியில் எழுதுகிறேன்.

இன்று புதன். அம்மாவோடு விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையெல்லாம் சிமெண்ட் வெடிப்பு, பேனா பிடிக்கச் சிரமப்படுகிறாள். விடுதிப் படிவத்தில் அம்மா மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதையே ஏற்றுக்கொள்ளச் சொல்லி வார்டனிடம் கொடுத்திருக்கிறேன். நாளை பதில் சொல்வதாகச் சொன்னார்.